வெள்ளைச் சுறாவைப் பார்க்கக் கூண்டில் இறங்குவது எப்படி

பணம் கட்டுவதற்கு முன்னால் படகு நிறுவனத்திடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "போன மாதம் எத்தனை நாள் கடலுக்குப் போனீர்கள், அதில் எத்தனை நாள் வெள்ளைச் சுறா வந்தது?" வெறுமனே "சுறா வருமா" என்று கேட்டால் "தினமும் வருகிறது" என்பார்கள், அது பொய்யும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் நான் அப்படித்தான் கேட்டேன், அப்படித்தான் பதில் வந்தது, நானும் கார்டைத் தேய்த்துவிட்டேன். அலுவலகச் சுவர் முழுக்க வாயைப் பிளந்த வெள்ளைச் சுறா படங்கள். தண்ணீரில் இறங்கிய பிறகு வந்ததெல்லாம் வெண்கலச் சுறா. அதுவும் அழகான மீன்தான், பார்த்ததில் வருத்தமில்லை. ஆனால் அந்தப் பகுதியில் வெள்ளைச் சுறா வருவது மிகவும் குறைந்துவிட்டது என்பது படகில் இருந்த அத்தனை ஊழியர்களுக்கும் தெரிந்திருந்தது, எங்களிடம் சொல்லத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

அதற்கப்புறம் காசு சேர்த்து ஆஸ்திரேலியாவின் நெப்டியூன் தீவுகளுக்குப் போய் வெள்ளைச் சுறாவைப் பார்த்தேன். இரண்டு இடத்திலும் தெரிந்துகொண்டதைக் கலந்துதான் இதை எழுதுகிறேன். நீச்சல் தெரியாதவர்கள், கண்ணாடி போடுகிறவர்கள், கப்பலேறினால் வாந்தி எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

எங்கே போவது

கூண்டில் இறங்கிச் சுறா பார்க்கும் கேஜ் டைவிங் என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது தென்னாப்பிரிக்காவின் கான்ஸ்பாய். கேப்டவுனிலிருந்து காரில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், அங்கும் நம் ஊர் மாதிரி இடப்பக்கம்தான் வண்டி ஓட்டுகிறார்கள். படகுகள் பக்கத்திலுள்ள கிளைன்பாய் என்ற சின்னத் துறைமுகத்திலிருந்து கிளம்பும். கொஞ்ச தூரத்தில் டயர் தீவு, அதையொட்டி கீசர் ராக் என்ற பாறைத்திட்டு, அதில் பல்லாயிரக்கணக்கான கடல்நாய்கள். தீவுக்கும் பாறைக்கும் நடுவில் இருக்கும் ஆழமில்லாத வாய்க்காலுக்குத்தான் சுறாச் சந்து என்று பெயர். கடல்நாய்க் குட்டிகள் தண்ணீரில் இறங்கிப் பழகும் காலத்தில் வெள்ளைச் சுறாக்கள் இந்தச் சந்தில் வந்து காத்துக் கிடந்தன. உலகத்தில் இதைவிட எளிதாக வெள்ளைச் சுறாவைப் பார்க்க இடமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

2017-ல் கதை மாறியது. கான்ஸ்பாய் கரையில் வெள்ளைச் சுறாக்கள் அடுத்தடுத்துச் செத்து ஒதுங்கின. பெரும்பாலானவற்றில் உடம்பு அப்படியே இருக்க, ஈரலை மட்டும் காணோம். வேலையைச் செய்தவை போர்ட், ஸ்டார்போர்ட் என்று பெயர் வைக்கப்பட்ட இரண்டு ஆண் ஓர்காக்கள், அதாவது கொலைத் திமிங்கிலம் என்று சொல்லும் பெரிய டால்பின் இனம். ஒன்றின் முதுகுத் துடுப்பு இடப்பக்கம் மடிந்திருக்கும், இன்னொன்றுக்கு வலப்பக்கம், கப்பலில் இடம் வலத்துக்குச் சொல்லும் பெயரையே வைத்துவிட்டார்கள். சுறாவின் ஈரல் முழுக்க எண்ணெய், அவற்றுக்கு அது ஒன்று போதும். ஓர்கா வந்துபோன பிறகு, இருப்பிடம் காட்டும் கருவி பொருத்தப்பட்ட வெள்ளைச் சுறாக்கள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் அந்தப் பக்கமே திரும்பவில்லை என்பதை அலிசன் டவ்னரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2022-ல் வெளியிட்டார்கள். அதே வருடம் மே மாதம், தென்னாப்பிரிக்காவின் இன்னொரு கடற்கரை ஊரான மோசல் பேயில் ஓர்காக்கள் ஒரு வெள்ளைச் சுறாவைக் கொல்வது வானத்திலிருந்து படமாக்கப்பட்டது. 2023 ஜூனில் ஸ்டார்போர்ட் தனியாக வந்து ஒரு இளம் வெள்ளைச் சுறாவை இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டது. ஓர்கா மட்டும் காரணமில்லை, சுறாக்களைப் பிடிக்கும் நீண்ட தூண்டில் வரிசைகளும் கடற்கரைக் குளியல்காரர்களுக்காகக் கட்டிய சுறா வலைகளும் சேர்ந்துதான் இந்த நிலை என்று சொல்கிற ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். வெள்ளைச் சுறாவுக்கு 1991-லேயே சட்டப் பாதுகாப்பு கொடுத்த முதல் நாடு தென்னாப்பிரிக்கா, அங்கேயே இப்படி.

அதனால் கான்ஸ்பாய்க்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. கேப்டவுனுக்கு எப்படியும் போகிறீர்கள், கூண்டில் இறங்குகிற அனுபவம் வேண்டும், எந்தச் சுறா வந்தாலும் சந்தோஷம் என்றால் தாராளமாகப் போங்கள். கட்டணமும் அந்த ஊர்ப் பணமான ராண்டில் சில ஆயிரங்களோடு முடிந்துவிடும். வழியில் டேஞ்சர் பாயிண்ட் கலங்கரை விளக்கம் இருக்கிறது. 1852-ல் பர்கன்ஹெட் என்ற பிரிட்டிஷ் படைக் கப்பல் பாறையில் மோதி மூழ்கியது அதற்கு எதிரேதான். பெண்களையும் குழந்தைகளையும் முதலில் படகில் ஏற்றிவிட்டுச் சிப்பாய்கள் கப்பலிலேயே வரிசையாக நின்றார்களாம். அந்த இடத்தில் நின்று கடலைப் பார்த்தால் மனசு கனத்துப் போகும். ஆனால் வெள்ளைச் சுறா ஒன்றுக்காகவே இந்தியாவிலிருந்து டிக்கெட் எடுக்கிறவர்கள் கான்ஸ்பாயை நம்பி எடுக்க வேண்டாம். மோசல் பே கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அங்கேயும் கிளம்புகிற வாரத்தில் நிலவரம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

மெக்சிகோவின் குவாடலூப் தீவு பற்றிப் பழைய பயணக் கட்டுரைகளில் நிறைய வரும். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், படங்கள் எல்லாம் அங்கே எடுத்தவைதான். மெக்சிகோ அரசு 2023 ஜனவரியில் அங்கே சுறாச் சுற்றுலாவை முற்றிலும் தடை செய்துவிட்டது. இன்னும் அதற்கு முன்பதிவு வாங்குகிற தளத்தைப் பார்த்தால் பணம் போட்டுவிடாதீர்கள்.

மிச்சம் இருப்பதில் நான் கை காட்டுவது தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கனை. அடிலெய்டிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு, சாலையில் போனால் 650 கிலோமீட்டர், ஒரு பகல் முழுக்க ஓட்ட வேண்டும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாக அடிலெய்டு போய்விடலாம். ஆஸ்திரேலியாவிலேயே வெள்ளைச் சுறாவுக்குக் கூண்டு இறக்க அனுமதி உள்ள ஒரே இடம் போர்ட் லிங்கனுக்குத் தெற்கே இருக்கும் நெப்டியூன் தீவுகள். வருடம் முழுக்கச் சுறா வரும். ஆனால் பெரிய பெண் சுறாக்கள் வருவது மே முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்காலத்தில், வெள்ளைச் சுறாவில் பெண்தான் பெரியது. கோடையில் பெரும்பாலும் மூன்று, நான்கு மீட்டர் ஆண்கள். குளிரைத் தாங்குவேன் என்றால் ஜூன், ஜூலையில் போங்கள்.

கூண்டில் இறங்கி வெள்ளைச் சுறாவைப் பார்க்கும் வழக்கமும் தெற்கு ஆஸ்திரேலியாவில் பிறந்ததுதான். 1963-ல் ராட்னி ஃபாக்ஸ் என்ற ஈட்டி மீன்பிடி வீரரை அடிலெய்டுக்குத் தெற்கே ஆல்டிங்கா கடற்கரையில் வெள்ளைச் சுறா கடித்துக் குதறியது. 450-க்கும் மேல் தையல். பிழைத்து எழுந்தவர் கொஞ்ச நாளில் அதே மீனைப் பார்க்கக் கூண்டு செய்து கடலில் இறக்கினார், பிறகு வாழ்நாள் முழுக்கச் சுறாவுக்காகவே பேசினார். அவர் தொடங்கிய நிறுவனத்தின் படகு இன்றும் போகிறது.

தேதி குறிப்பது

கூண்டுக்கு என்று ஒரு நாளை மட்டும் ஒதுக்கினால் ஏமாறுவீர்கள். காற்றும் அலையும் ஒத்துவராவிட்டால் முதல் நாள் மாலை ஏழு மணிக்கு "நாளை படகு இல்லை" என்று செய்தி வரும். குறைந்தது மூன்று நாள் அந்த ஊரில் இருங்கள், பயணத்தின் கடைசியில் வைக்காமல் முதலிலேயே பதிவு செய்யுங்கள், ரத்தானால் மறுநாளுக்கு நகர்த்திக்கொள்ளலாம். சுறா வராவிட்டால் என்ன என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல நிறுவனங்கள் பணத்தைத் திருப்பித் தராது, இன்னொரு முறை வர வவுச்சர் கொடுக்கும். தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு அந்த வவுச்சரை வைத்து என்ன செய்வது? அதுவும் "எந்தச் சுறா வந்தாலும் வவுச்சர் கிடையாது" என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், எனக்கு அப்படித்தான் இருந்தது.

விசா இரண்டு நாட்டுக்கும் வேண்டும், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். தென்னாப்பிரிக்காவுக்கு அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போகிறவர்கள் அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். சென்னைக்காரர்களுக்குக் கிண்டி கிங் நிலையம் இருக்கிறது. பயணக் காப்பீட்டில் கேஜ் டைவிங் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், "சாகச விளையாட்டு" என்று தள்ளிவைக்கிற பாலிசிகள் உண்டு.

உடம்பைத் தயார் செய்வது

நீச்சல் தெரிய வேண்டுமா? வேண்டியதில்லை. கூண்டு படகின் பக்கவாட்டில் கட்டியிருக்கும், அதன் மேல்பகுதி தண்ணீருக்கு வெளியே மிதக்கும், தலையைத் தூக்கினால் காற்று. ஆனால் முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கப் பயம் இருக்கக் கூடாது. ஊரில் இருக்கும்போதே கண்ணையும் மூக்கையும் மூடும் டைவிங் மாஸ்க் ஒன்று வாங்கி, வாளித் தண்ணீரில் முகத்தை முக்கிப் பழகுங்கள். கேட்கச் சின்னப் பிள்ளை வேலை மாதிரி இருக்கும், கூண்டுக்குள் பதறாமல் இருக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

கண்ணாடி விஷயம் முக்கியம். என்னோடு நெப்டியூனுக்கு வந்தது என் அக்கா மகன், காலேஜ் இரண்டாம் வருடம், மைனஸ் ஐந்து பவர். அடிலெய்டில் தங்கியிருந்த அன்று இரவுதான் மெதுவாக வந்து, "சித்தி, கண்ணாடி மேல மாஸ்க் போட முடியுமா?" என்று கேட்டான். முடியாது, காது வழியே போகும் கம்பியால் ரப்பர் ஒட்டாது, தண்ணீர் உள்ளே வந்துவிடும். நல்லவேளை, பையில் ஒருநாள் போட்டுத் தூக்கி எறியும் காண்டாக்ட் லென்ஸ் இரண்டு ஜோடி வைத்திருந்தான். லென்ஸ் ஒத்துக்கொள்ளாதவர்கள் பவர் வைத்த மாஸ்க் ஊரிலேயே செய்து எடுத்துப் போங்கள். இவ்வளவு தூரம் போய்ச் சாம்பல் நிறத்தில் ஏதோ நகர்ந்தது என்று மட்டும் சொல்லும்படி ஆகிவிடக் கூடாது.

மீசை வைத்திருக்கிறவர்களுக்கு மாஸ்க்கின் கீழ்ப்பக்கம் கசியும். மீசையின் மேல்வரிசையில் கொஞ்சம் வாஸ்லின் தடவினால் அடைத்துக்கொள்ளும். அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வேண்டாம், நெற்றியில் வழிந்து மாஸ்க் வழுக்கும். சங்கிலி, மோதிரம், கொலுசு எல்லாம் அறையிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் வெட்சூட் என்ற குளிர் தாங்கும் ரப்பர் உடைக்குள்ளே போகும்படி ஒரு துணிப் பட்டையால் கட்டிக்கொள்ளலாம், கழுத்துவரை சூட் மூடிவிடும்.

குமட்டலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். படகு ஓடும்போது ஒன்றும் தெரியாது, நங்கூரம் போட்டு நின்று ஆடும்போதுதான் வயிறு புரளும். அதோடு மீன் எண்ணெயும் ரத்தமும் அரைத்த மீனும் கலந்து கடலில் ஊற்றுவார்கள். கருவாட்டுக் கொட்டகை பக்கத்தில் வளர்ந்த எனக்கே அந்த வாடை மூக்கில் ஏறியது. டாக்டரிடம் கேட்டுக் குமட்டல் மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், அவோமின் மாதிரியானவற்றைக் குமட்டல் வந்த பிறகு போட்டால் பயன் குறைவு, முதல் நாள் இரவும் கிளம்புவதற்கு முன்பும் போட வேண்டியிருக்கும், தூக்கம் வரும் என்பதால் வீட்டிலேயே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், ரொட்டி, வாழைப்பழம், இஞ்சி மிட்டாய் போதும். படகின் பின்பகுதியில் நின்று தொடுவானத்தைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். இதயத்தில் பிரச்சினை, ஆஸ்துமா, கர்ப்பம் என்றால் டாக்டர் சொல்லாமல் போக வேண்டாம்.

தண்ணீரில் இறங்கும் நேரம்

நெப்டியூனுக்குப் படகு விடியும் முன்னே கிளம்பும், போக மூன்று மணி நேரம் வரை ஆகும், திரும்பி வரும்போது இருட்டிவிடும். கான்ஸ்பாயில் எல்லாம் அரை நாளுக்குள் முடிந்துவிடும்.

வெட்சூட் போடுவதே பெரிய வேலை. முந்தின குழு போட்டுக் கழற்றிய ஈர சூட்டை நீட்டுவார்கள், குளிர்ந்து வழுவழுவென்று இருக்கும், கால் பாதத்தில் தட்டி நின்றுவிடும். காலில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழையுங்கள், சரேலென்று போகும், அப்புறம் பையை உருவிவிடலாம். ஜிப் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். நான் பார்த்த படகு ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் முன்பின்னாகப் போட்டுவிட்டு மறுபடி கழற்றினார்கள். உள்ளே நீச்சல் உடை, அல்லது நைலான் லெக்கிங்ஸும் ஒட்டிய டி-ஷர்ட்டும். பருத்தி வேண்டாம். மேலே தலையுறை, காலுறை, இடுப்பில் ஈயக்கட்டி பெல்ட். இந்த பெல்ட் இல்லாமல் தண்ணீருக்குள் நிற்க முடியாது, வெட்சூட் உங்களைத் தக்கை மாதிரி மேலே தூக்கும்.

இப்போது சொல்லப்போவதை மறக்கவே கூடாது. கான்ஸ்பாயில் காற்றுக் குழாய் எதுவும் இல்லை, மாஸ்க் மட்டும்தான். படகின் மேலிருந்து ஆள் "கீழே! இடது பக்கம்!" என்று கத்துவார், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கூண்டின் கம்பியைப் பிடித்து உங்களை நீங்களே கீழே இழுத்துக்கொள்ள வேண்டும், முடிந்தவரை பார்த்துவிட்டு மேலே வர வேண்டும். நெப்டியூனில் படகிலுள்ள கம்ப்ரஸரிலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும், அந்தக் காற்றைத் தரும் ரெகுலேட்டர் என்ற கருவியை வாயில் கடித்துக்கொண்டு கீழேயே நிற்கலாம். தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்கள் குழாயோடு இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புரிந்துவிடும். குழாய்க் காற்றைச் சுவாசிக்கும்போது மூச்சைப் பிடிக்கவே கூடாது. கீழே இழுத்த காற்று மேலே வரும்போது விரியும், மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்தால் இரண்டு மீட்டர் ஆழத்திலிருந்துகூட நுரையீரல் காயப்படலாம். உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே என்று மெதுவாக விட்டுக்கொண்டே இருங்கள். மேற்பரப்புக் கூண்டுக்கு டைவிங் சான்றிதழ் தேவையில்லை, கடலடியில் இறக்கும் கூண்டுக்குத்தான் தேவை, அதில் இறங்கினால் அடுத்த 18 மணி நேரத்துக்கு விமானம் ஏறாதீர்கள்.

நம் வங்கக் கடல் 28 டிகிரி. நெப்டியூனில் குளிர்காலத்தில் 15, 16 டிகிரி, கான்ஸ்பாயில் 12 வரைகூட இறங்கும். உள்ளே போன முதல் நிமிடம் நெஞ்சை யாரோ கட்டிப் பிடித்த மாதிரி மூச்சு முட்டும். அது பயமில்லை, குளிருக்கு உடம்பு கொடுக்கும் பதில், எல்லோருக்கும் வரும், ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். அதுவரை தலையை வெளியே வைத்துக் கூண்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். அடங்கியதும் முகத்தை உள்ளே வையுங்கள். அக்கா மகன் அந்த நிமிடத்தில் ஏணியைப் பிடித்து ஏறப் பார்த்தான், தோளைப் பிடித்து நிறுத்தி இருவரும் சேர்ந்து இருபது எண்ணினோம். பதினைந்தாவது எண்ணிக்கையிலேயே அவன் முகம் மாறிவிட்டது.

கூண்டுக்குள் இரண்டு வரிசைக் கம்பி இருக்கும். உள்ளே இருக்கும் கைப்பிடியை மட்டும் பிடியுங்கள், வெளிக் கம்பியில் விரல் போகக் கூடாது. கால் விரல்களைக் கீழ்க் கம்பிக்கு அடியில் கொடுத்துக்கொண்டால் அலை உங்களை ஆட்டாது. மாஸ்க் உள்பக்கம் எச்சிலைத் தடவிக் கழுவினால் ஆவி படியாது. கோப்ரோ கேமரா கொண்டுபோனால் மணிக்கட்டோடு கட்டுங்கள், நீளக் குச்சியில் மாட்டிக் கூண்டுக்கு வெளியே நீட்டாதீர்கள். வீடியோவை ஓடவிட்டு மார்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு கண்ணால் பாருங்கள். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் கூண்டிலேயே இருந்தார்.

வந்தது எது என்று தெரிந்துகொள்ள

வெண்கலச் சுறா ஒல்லியாக, செம்பு கலந்த பழுப்பில் இருக்கும், வாலின் மேல்பாதி நீளம், பெரும்பாலும் மூன்று மீட்டருக்குள். வெள்ளைச் சுறா உருண்டு திரண்ட உடம்பு. கூம்பு மாதிரி மூக்கு, வால் மேலும் கீழும் கிட்டத்தட்டச் சமம், வால் தொடங்கும் இடத்தில் பக்கவாட்டில் ஒரு தடித்த முகடு. முதுகு கரும்சாம்பல், வயிறு வெள்ளை, இரண்டும் சேருகிற கோடு கிழித்த காகிதம் மாதிரி ஒழுங்கில்லாமல் போகும். மேலிருந்து பார்த்தால் கடலோடு கலந்துவிடும், கீழிருந்து பார்த்தால் வெளிச்சத்தோடு கலந்துவிடும். அதனால் பக்கவாட்டிலேயே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், காலடியையும் பாருங்கள், பல சமயம் அங்கிருந்துதான் வரும்.

எனக்கும் அப்படித்தான் வந்தது. நாற்பது நிமிடம் ஒன்றுமில்லை, சூரை மீன் கூட்டம் வெள்ளியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. திடீரென்று மீன்கள் எல்லாம் கூண்டின் பக்கம் ஒதுங்கின. கீழே இருட்டாக இருந்த ஓரிடம் மட்டும் மெதுவாகக் கெட்டியானது, உருவம் வந்தது, முதுகு தெரிந்தது. அவசரமே இல்லை. உடம்பு அசையவில்லை, வால் மட்டும் ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம். கூண்டுக்கு ஒன்றரை மீட்டர் தள்ளிக் கடந்து போனது. எல்லோரும் வெள்ளைச் சுறாவின் கண் கறுப்பு என்பார்கள், பக்கத்தில் பார்த்தால் கரும்நீலம், நடுவில் இருக்கும் பாவைதான் கறுப்பு. அந்தக் கண் என்னைத் தாண்டிப் போகும்போது கொஞ்சம் திரும்பியது. செவுளுக்குப் பின்னால் பழைய தழும்புகள், இணையும்போது ஆண் சுறா கடித்தவை. அது பெண், நான்கரை மீட்டர் இருக்கும் என்று மேலே வந்ததும் சொன்னார்கள். பெண் வெள்ளைச் சுறா குட்டி போடுகிற வயதை எட்ட முப்பது வருடத்துக்கு மேல் ஆகும் என்பது ஆய்வாளர்கள் கணக்கு. அன்றைக்கு நான் பார்த்தது என் வயதுக்காரியாகக்கூட இருக்கலாம்.

இந்த மீன்கள் போகிற தூரத்தையும் தெரிந்துகொண்டு போங்கள். 2003 நவம்பரில் கான்ஸ்பாய் பக்கம் நிக்கோல் என்ற பெண் சுறாவுக்குக் கருவி பொருத்தினார்கள். 99 நாளில் சுமார் 11,000 கிலோமீட்டர் நீந்தி மேற்கு ஆஸ்திரேலியாவில் கருவி கழன்றது, ஒன்பது மாதத்துக்குள் அதே சுறா மறுபடி தென்னாப்பிரிக்காவில் தென்பட்டது. எங்கள் வீட்டில் சுறா என்றால் புட்டுதான், பிள்ளை பெற்றவர்களுக்கு அம்மா பூண்டு தட்டிப் போட்டுச் செய்து கொடுப்பாள். அது பால்சுறாக் குட்டி, இது வேறு. ஆனாலும் திரும்பி வந்த பிறகு நான் சந்தையில் சுறா வாங்குவதில்லை.

நல்ல படகு எது என்று எப்படித் தெரியும்

தூண்டில் கயிறு பிடிக்கிற ஆளைப் பாருங்கள். மீன் தலையைக் கயிற்றில் கட்டி வீசுவார், சுறா நெருங்க நெருங்க இழுத்துக்கொண்டே போவார். நல்ல கைக்காரர் கயிற்றைக் கூண்டுக்குப் பக்கவாட்டில் இழுப்பார், சுறா கூண்டைக் கடந்து போகும், மோதாது, மீனும் அதற்குக் கிடைக்காது. கூட்டம் கத்துகிறதே என்று கூண்டை நோக்கி நேராக இழுக்கிறவர் மோசமான ஆள். சுறாவால் பின்னால் நீந்த முடியாது, கம்பிக்கு நடுவில் தலை மாட்டினால் முன்னால்தான் தள்ளும். குவாடலூப்பில் 2016-ல் ஒரு சுறா அப்படித்தான் கூண்டுக்குள்ளேயே வந்துவிட்டது, உள்ளே இருந்தவர் உயிர் தப்பினார். 2019-ல் வெளியான இன்னொரு வீடியோவில் கம்பியில் மாட்டிய சுறா செத்தே போனது. குவாடலூப் தடைக்கு இதெல்லாமும் காரணம். அதனால் முன்பதிவு செய்யும் நிறுவனத்தின் வீடியோக்களைப் பாருங்கள், சுறா கூண்டைக் கடிப்பதைப் பெருமையாகப் போட்டிருந்தால் வேறு படகு தேடுங்கள்.

போர்ட் லிங்கனில் மீன் கழிவு ஊற்றாமல் நீருக்கடியில் இசை போட்டே சுறாவை வரவழைக்கும் படகும் உண்டு, குறைந்த அதிர்வெண் ஒலிகள் அதை ஈர்க்கின்றன. மீன் ஊற்றுவது சரியா தவறா என்பது முடியாத வாதம், என் மனம் இசைப் படகின் பக்கம் சாய்கிறது. படகில் கடல் உயிரியல் படித்த ஆள் இருக்கிறாரா, வந்த சுறாக்களைப் பதிவு செய்கிறார்களா என்றும் கேளுங்கள். முதுகுத் துடுப்பின் பின்விளிம்பில் இருக்கும் வெட்டுகள் ஒவ்வொரு சுறாவுக்கும் வேறு, நம் கைரேகை மாதிரி, அதை வைத்து இன்னார் என்று கண்டுபிடிப்பார்கள்.

மேலே ஏறியதும் சூட்டைக் கழற்றி உலர்ந்த துணி மாற்றுவதற்குள் கை விறைத்துவிடும், தடித்த ஸ்வெட்டரும் கம்பளித் தொப்பியும் பையின் மேலேயே இருக்கட்டும். சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்பதிவிலேயே சொல்லுங்கள், இல்லாவிட்டால் சூப்பும் ரொட்டியும்தான் கிடைக்கும். எடுத்த வீடியோவில் முதுகுத் துடுப்பு பக்கவாட்டில் தெளிவாகத் தெரியும் ஒரு காட்சியைத் தேடிப் பிடித்து, தேதியோடு படகில் இருக்கும் ஆய்வாளருக்கு அனுப்புங்கள். எங்களுக்கு இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது, அந்தப் பெண் அவர்கள் பட்டியலில் ஏற்கெனவே இருந்தாள், மூன்று குளிர்காலமாக அதே தீவுக்கு வருகிறாளாம்.